நற்கொழுப்புச் சுழற்கேடயம்

ஒரு பொருள் வேண்டிய அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாமா? தில்லியின் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில், உயிர்வேதியியல் ஆய்வகத்தில், ரத்தத்தை அளந்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். ஆயினும் இந்தக் கேள்வி எனக்கு ஆய்வகத்தில் எழவில்லை. ஜனக்புரியில் ஒரு பொங்கல் விழா மேடையில், வெள்ளி முலாம் பூசிய கேடயத்தின் வடிவில் எழுந்தது.

அண்மையில் எங்கள் பழைய ஆய்வகத்தில் புதிய தானியங்கி இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். ரத்தக் குப்பியை ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் எல்லா அளவுகளும் அச்சாகி வந்தன. இளம் பெண் ஒருத்தி, கேலியில்லாமல், உண்மையான ஐயத்தோடு இந்தியில் கேட்டாள்: "மேடம், எல்லாத்தையும் மெஷினே பண்ணிடுதே. உங்க காலத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" சமோசா வாயிலிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் சென்னையில் உயிர்வேதியியலில் முதுகலை முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தில்லிக்கு வந்தேன். அறிவியலால் சமூகத்தை உயர்த்துவது என்ற தீர்மானத்தோடு வந்தேன். முதலாண்டு முழுவதும் சோதனைக் குழாய் கழுவினேன். இரண்டாம் ஆண்டில்தான் கொழுப்பை அளக்கும் மேசைக்கு உயர்த்தப்பட்டேன்.

அக்காலத்தில் நல்ல கொழுப்பை அளப்பது ஏறத்தாழ ஒரு சமையல். நோயாளி இரவு முழுவதும் பட்டினி கிடந்து காலையில் வருவார். அல்லது அப்படி வந்ததாகச் சொல்வார். உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால், மருத்துவமனை வாசலில் அவர் சாப்பிட்ட சோலே பட்டூரே எங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உண்மையாகவே பட்டினி கிடந்தவரின் தெளிநீரில் ஒரு வேதிநீரைச் சொட்டுவோம். கெட்ட கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் திரிந்த பாலைப் போலக் கட்டிப் போகும். குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் அவை அடியில் படியும். எடை சமன் தவறினால் அந்த இயந்திரம் மேசைமீதே நடக்கத் தொடங்கும். அதைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது புதிதாகச் சேர்ந்தவர்களின் பொறுப்பு. சுற்றி முடிந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் எஞ்சியிருப்பதுதான் எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு.

ஆக, நல்லதை யாரும் நேரே அளக்கவில்லை. கெட்டதை அகற்றிய பின் எது மிஞ்சியதோ அதற்கு நல்லது என்று பெயர். சமூகத்திலும் பெரும்பாலும் இப்படித்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் சமூகமாகத் தோன்றும் வயது.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் பாசின். நெடிய, மெலிந்த உருவம். குளிர்காலம் முழுவதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முடிவுத்தாளை நீட்டினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பார். பிறகு, "தோ?" என்பார். 'சரி, அதனால் என்ன?' என்று பொருள். எண்ணைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தவர்களெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின் முன் வியர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தில்லி ஜனவரியில் வியர்ப்பது எளிதல்ல.

ஆய்வகத்தின் துல்லியத்தைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பலருடைய தெளிநீரை ஒன்றாகக் கலந்து, சிறு குப்பிகளில் உறைய வைத்து, வாரம் ஒரு குப்பியைப் புறநோயாளிகளின் குப்பிகளுக்கு நடுவே 'ராம் லால்' என்ற பெயரில் செருகிவிடுவார். எங்கள் அளவை சரியாக இருந்தால் ராம் லாலின் எண் மாறக் கூடாது. இந்த இரகசியம் எங்களில் சிலருக்கு மட்டுமே தெரியும். மூத்த டெக்னீஷியன் மிஸ்ராஜிக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் மிகுந்த மனவேதனையோடு டாக்டர் பாசினின் அறைக்கு வந்தார். ராம் லால் என்றொரு நோயாளி மாதக்கணக்கில் வருவதாகவும், பாவப்பட்ட அந்த மனிதரின் கொழுப்பு ஒரு புள்ளி கூட இறங்கவில்லை என்றும், எந்த டாக்டர் பார்க்கிறாரோ அவரிடம் மருந்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்றும் முறையிட்டார். டாக்டர் பாசின் எழுந்து நின்று அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். ஓர் ஆய்வகத்துக்கு அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. மிஸ்ராஜி பணி ஓய்வு பெறும்வரை ராம் லாலுக்காக வருந்திக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் முன்னுரை. இனிக் கேடயம்.

ஜனக்புரிக்கு மெட்ரோ வந்த புதிது. எங்கள் பகுதித் தமிழர்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு, வங்கி, பொதுத்துறை நிறுவனம் ஆகிய மூன்றில் ஒன்றில் பணியாற்றியவர்கள். ஆகவே அங்கே பொங்கல் பொங்குவதற்கும் கோப்பு உண்டு. செயலாளர் வைத்தியநாதன் சார், நிதித்துறையில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு விழாவில் கோலப் போட்டி, திருக்குறள் ஒப்பித்தல் ஆகியவற்றோடு இலவச ரத்தப் பரிசோதனை முகாமையும் சேர்த்திருந்தார். (குறள் போட்டியில் பிள்ளைகள் இந்தி எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனாலும் அழகாகவே ஒப்பித்தார்கள்.) பரிசோதனையைத் தனியார் ஆய்வகம் ஒன்று செய்துகொடுத்தது. ரத்தம் எடுப்பதை மேற்பார்வையிடும் பொறுப்பு எனக்கு.

செயலாளரின் புதுமை அதோடு நிற்கவில்லை. எவருக்கு நல்ல கொழுப்பு மிக அதிகமோ அவருக்கு 'நற்கொழுப்புச் சுழற்கேடயம்' வழங்கப்படும் என்று அறிவித்தார். உடலின் ஓர் அளவை எப்படிப் போட்டியாக்குவது என்று நான் தயங்கிக் கேட்டேன். "எல்லாரும் கெட்ட கொழுப்பையே அளந்து ஜனங்களைப் பயமுறுத்தறா. நல்லதைப் பாராட்ட ஓர் அமைப்பாவது இருக்க வேண்டாமா?" என்றார்.

வென்றவர் சரோஜா அக்கா. விருதுநகர்க்காரர், ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளம். பல ஆண்டுகளாக அவருக்கு முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, காரணமே இல்லாமல் தன் மூட்டுகளையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய். அவருடைய விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தன. பேனாவுக்குச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கனமாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு கோப்புகளில் குறிப்பெழுதுவார். விரல்கள் வளைந்திருந்தனவே தவிர, குறிப்புகள் வளைந்து கொடுத்ததில்லை.

அவருடைய நல்ல கொழுப்பு எழுபத்தெட்டு என்று மேடையில் அறிவித்தபோது, விமானப் படையில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர் குருசாமி அண்ணன், "இவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன். ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் நம்புறாங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது, ஒலிபெருக்கி இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

ஏற்புரையில் வெற்றியின் இரகசியத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அக்கா ஒலிவாங்கியை இரு மணிக்கட்டுகளுக்கு நடுவில் பிடித்தபடி பேசினார். "ரகசியம் ஒண்ணும் கெடையாது. நான் வாக்கிங் போறதில்ல, முட்டி விடாது. சோத்துக்கு நெய் ஊத்தாம சாப்பிட மாட்டேன். பல வருசமா ஸ்டீராய்டு மாத்திரை போடுறேன். அம்புட்டுத்தான்."

முதல் வரிசையில் ஒருவர் முகம் இறுகியதைக் கண்டேன். அவர் ஞானசேகரன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர்; ஈரோட்டுக்காரர். விடியற்காலைப் பனியிலும் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடப்பவர். ஊறவைத்த அக்ரூட், ஆளிவிதை, எண்ணெயில்லாத தோசை. அவருக்கு எழுபத்தொன்று. இரண்டாமிடம்.

மறுநாளே மன்றத்துக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் வந்தது. ஊக்கமருந்து உட்கொண்ட விளையாட்டு வீரர்களின் பதக்கத்தை உலகெங்கும் பறிக்கிறார்கள் என்றும், ஸ்டீராய்டின் துணையோடு ஈட்டிய கொழுப்பை இயற்கையான கொழுப்போடு ஒப்பிடுவது நேர்மையாகாது என்றும் அதில் கண்டிருந்தது. வைத்தியநாதன் சார் மனமகிழ்ச்சியோடு மூவர் குழு அமைத்தார். ஓய்வு பெற்ற பின் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான விசாரணை அது. நான் நிபுணர் உறுப்பினர். ஸ்டீராய்டு நல்ல கொழுப்பை உயர்த்துமா என்பதற்கு நான் விடை தர வேண்டும்.

டாக்டர் பாசினிடம் கேட்டேன். உயர்த்தக்கூடும் என்றார். தொடர்ந்து, "தோ?" என்றார். நான் கேடயத்தின் வரலாற்றைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பதை அன்றுதான் கண்டேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் எதற்காக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்று கேட்டார். முடக்குவாதம், பல ஆண்டுகளாக, என்றேன். அவருடைய இதயத்தை யார் பார்க்கிறார்கள் என்றார். யாரும் பார்க்கவில்லை என்றேன். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் மருத்துவமனையிலேயே அவருக்கு இதய ஆபத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். வயது, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூட்டி, நல்ல கொழுப்பு அறுபதுக்கு மேல் இருந்தால் அதிலிருந்து ஒரு புள்ளியைக் கழித்துக்கொள்வது அன்றைய விதி. கழித்தபின் அக்காவுக்கு ஆபத்து குறைவு என்று முடிவாகியிருந்தது.

"வேறு ஏதாவது புதிய வலி?"

எனக்கு நினைவு வந்தது. இடது தோளும் போய்விட்டது என்று அக்கா சொல்லியிருந்தார். மெட்ரோ நிலையப் படியில் ஏறும்போது பிடித்துக்கொள்கிறதாம். மேலே போய்ச் சற்று நின்றால் விட்டுவிடுகிறதாம். இத்தனை மூட்டுகளோடு இன்னொரு மூட்டு என்று அவரும் எடுத்துக்கொண்டார், நானும் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் பாசின் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "கலாஜி, தோள்பட்டை படி ஏறுவதில்லை. படி ஏறுவது முழங்கால். அப்போது உழைப்பது இதயம்."

அறையில் நின்றுகொண்டிருந்த என்னை உட்காரச் சொன்னார். பிறகு அவர் விளக்கியதை, அவருடைய உவமையிலேயே தருகிறேன்.

நல்ல கொழுப்பு என்பது ஒரு பஸ். ரத்தக்குழாய்ச் சுவர்களில் தேங்கி நிற்கும் கொழுப்பை ஏற்றிக்கொண்டுபோய்க் கல்லீரலில் இறக்குவது அதன் தடம். ஏற்றி இறக்கத் தெரிந்த சில புரதங்கள் அதில் நடத்துநர்களாகப் பணியாற்றுகின்றன. உடலில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் கல்லீரல் வேறொரு புரதத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்து அனுப்புகிறது. அது பஸ்ஸில் ஏறி நடத்துநர்களைக் கீழே தள்ளிவிடுகிறது. தில்லியில் கல்யாண ஊர்வலத்தார் வாடகைக்கு எடுத்த பஸ்ஸைப் பார்த்ததுண்டா? நெற்றியில் பழைய தட எண் அப்படியே இருக்கும். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் கை காட்டுவார்கள், பஸ் நிற்காது. மோசமான நிலையில், நிறுத்தத்தில் நிற்பவர்கள்மீதே பட்டாசு கொளுத்திப் போட்டுக்கொண்டு போகும். பெரும்பாலான அழற்சி நோயாளிகளிடம் பஸ்களின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. அது நம் கண்ணில் படும். இந்த அம்மாளிடம் ஸ்டீராய்டின் தயவால் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆகவே எவர் கண்ணிலும் படவில்லை.

"நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு எத்தனை பஸ் போயிற்று என்று எண்ணுகிறோம். எது நின்றது என்று எண்ண நம்மிடம் கருவி இல்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களில் இப்போதுதான் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவரை நாளைக்கே இதயப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்."

எளிய வேலை என்றே எண்ணி அன்று மாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். கேடயம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. தொலைக்காட்சியை விட அதில் வெளிச்சம் அதிகம். நான் தோள்வலி, படி, இதயம் என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஞானசேகரன் அனுப்பிச்சாரா?" என்றார்.

இல்லை என்று நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் ஏற்கவில்லை. ஆட்சேபக் குழுவில் இருப்பவள் வீட்டுக்கு வந்து, உன் நல்ல கொழுப்பு நல்லதல்ல என்று சொன்னால், அரசு அலுவலகத்தில் முப்பதாண்டு இருந்த எவர்தான் ஏற்பார்?

"நான் இப்ப ஆஸ்பத்திரியில போயிப் படுத்தேன்னு வையி, அந்தாளு மறுநாளே மன்றத்துல 'பாத்தீங்களா'ம்பாரு. மொதல்ல தீர்ப்பு வரட்டும். அப்புறம் நெஞ்சைப் பாத்துக்கிடலாம்."

"அக்கா, நெஞ்சுக்கு அது தெரியாதுக்கா."

அவர் கோணிய விரல்களால் புடவைத் தலைப்பை ஒருமுறை நீவிவிட்டார். "கலா, இந்த ஒடம்பால நான் என்னென்னமோ வாங்கியிருக்கேன். மாத்திரை வாங்கியிருக்கேன், மெடிக்கல் லீவு வாங்கியிருக்கேன், ஐயோ பாவம்னு பேரு வாங்கியிருக்கேன். இது வாங்கிக் குடுத்த ஒரே பரிசு அந்தா இருக்கு. அதை அந்தாளு தட்டிப் பறிக்கட்டும்னு விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

குருசாமி அண்ணன் வாசல்வரை வந்தார். போர்க்காலத்தில் எல்லையில் பணியாற்றிய அந்த மனிதர் தாழ்ந்த குரலில், "ராத்திரி கொஞ்சம் மூச்சு வாங்குதும்மா. கேட்டா என்னையத் திட்டுறா. எப்படியாச்சும் தீர்ப்பைச் சொல்லிப்புடுங்க" என்றார்.

அங்கிருந்து நேரே செயலாளர் வீட்டுக்குச் சென்றேன். அக்காவின் உடல்நிலையை அவர் அனுமதியின்றிப் பிறரிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை. அதனால் காரணம் கூறாமல், குழுவை நாளையே கூட்ட முடியுமா என்று மட்டும் கேட்டேன். பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும் என்றார். அவசரக் கூட்டத்துக்கு விதியில்லையா என்றேன். இருக்கிறது என்று மலர்ந்தார்.

"காரணத்தை எழுத்துல குடு. அது அவசரமான காரணந்தானான்னு குழு தீர்மானிக்கும்."

"அதைத் தீர்மானிக்கக் குழு எப்ப சார் கூடும்?"

"பதினஞ்சு நாள் நோட்டீஸ்ல."

அவர் கொடியவர் அல்லர். எனக்கு நல்ல காப்பி கொடுத்தார். அவருடைய உலகத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் எதுவும் நிகழ்வதில்லை, மரணம் உட்பட. விதிகளை நான் மதிப்பவள். விதி இல்லாத இடத்தில் எளியவனுக்கே முதலில் கேடு வரும் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாடிப்படிகளில் யாரோ ஏறும் ஒலி கேட்டது. ஒவ்வொரு படியும் என் நெஞ்சில் விழுந்தது.

எஞ்சியிருந்த வழி ஒன்றுதான். ஞானசேகரன் வீட்டுக்குப் போனேன்.

அவர் அக்ரூட் கிண்ணத்தை என் முன் நகர்த்தினார். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்கம்மா, ஸ்டீராய்டு ஏத்துமா ஏத்தாதா? டாக்டர்கிட்டக் கேட்டீங்கல்ல?"

"ஏத்தலாம்னு சொன்னாருங்க."

"அப்பறம்? நாஞ் சொன்னது சரின்னா நான் எதுக்குங்க வாபஸ் வாங்கோணும்?"

அவர் கேட்டதில் பிழையில்லை. அறிவியல் அவர் பக்கம் இருந்தது. நான் பொய் சொல்லவும் கூடாது, உண்மையைச் சொல்லவும் கூடாது. அக்ரூட் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னேன்: "சார், காரணம் கேக்காதீங்க. இந்த ஆட்சேபம் தீர்ற வரைக்கும் ஒருத்தர் போக வேண்டிய எடத்துக்குப் போக மாட்டேங்கிறாங்க. நாள் கடந்தா என்ன ஆகும்னு எனக்குப் பயமா இருக்கு."

அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் தட்டச்சு செய்த கடிதம் இருந்தது. பொருள், பார்வை, நாள் எல்லாம் முறையாக இட்டு, தமது ஆட்சேபத்தை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். பெற்றுக்கொண்டதற்கு நகலில் என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மனிதர் இளகினாலும் பழக்கம் இளகாது.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகோணும்?" என்றார். "அந்த ஒடம்போட ஆட்டோவுல குலுங்கிட்டுப் போக வேண்டாம். நம்ம வண்டியிலயே போயர்லாம்."

மறுநாள் காலை அவருடைய மாருதி வாசலில் நின்றது. முன் இருக்கையில் குருசாமி அண்ணன். பின்னால் அக்காவும் நானும். கடிதத்தின் நகலை அக்கா இரண்டு முறை படித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே காரில் ஏறினார். பயணம் முழுவதும் எவரும் இதயத்தைப் பற்றிப் பேசவில்லை. நெய்யைப் பற்றிப் பேசினார்கள். நெய் தமனிக்குப் பகை என்று ஞானசேகரன் சிக்னலுக்குச் சிக்னல் நிறுவினார். எண்ணெயில்லாத தோசையைக் கண்டுபிடித்தவனுக்குத் தோசைமேல் என்ன முன்பகை என்று அக்கா விசாரித்தார். தௌலா குவான் நெரிசலில் இந்த வாதம் உச்சம் எய்தியபோது, இவருக்கு இதய நோய் இல்லாமலும் இருக்கலாம் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது.

இதயப் பிரிவில் முதலில் டிரெட்மில் என்னும் ஓடுபட்டையில் ஓடச் சொன்னார்கள். "ஓட முடிஞ்சா நான் ஏம்ப்பா இங்க வர்றேன்?" என்று அக்கா தமிழிலேயே கேட்டார். டெக்னீஷியனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. மூட்டு நோயாளிகளை ஓடவைக்க முடியாது என்பதாலேயே பலருடைய இதயம் சோதிக்கப்படாமல் போகிறது என்பதை அன்று கற்றேன். மருந்து செலுத்தி இதயத்தை ஓடவைத்துப் பார்த்தார்கள். அக்காவை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆஞ்சியோகிராமில் மூன்று பெரிய குழாய்களில் இரண்டு பெருமளவு அடைந்திருந்தன. இடப்பக்கத்துக் குழாயில் ரத்தம் நூலிழை போலச் சென்றது. பதினைந்து நாள் அறிவிப்புக்கு அந்த நூல் தாங்கியிருக்காது என்று இதய மருத்துவர் சொல்லவில்லை; அவருக்கு அறிவிப்பைப் பற்றி எதுவும் தெரியாது. இன்னும் சில நாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டதற்கு, நல்லவேளை வந்தீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். குருசாமி அண்ணனுக்கு வயது கடந்திருந்தது. ஞானசேகரன் சட்டைக்கையை மடக்கிக்கொண்டு போனார். கொடுத்துவிட்டு, மாம்பழச் சாற்றை உறிஞ்சியபடி வந்து, "இனி அவிங்க நல்ல கொழுப்புல என்னுதும் ஒரு பங்கு இருக்குதுங்க" என்றார். கொடுத்த ரத்தத்தை வங்கியில் பிரித்துவிடுவார்கள், சிவப்பணுக்கள் தனியே போகும், கொழுப்பைச் சுமக்கும் திரவம் தனியே போகும், அவருடைய ரத்தம் அக்காவுக்கே போகும் என்பதும் உறுதியில்லை என்று நான் விளக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் விளக்காமல் விட்டவை மிகக் குறைவு.

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கண் விழித்த அக்கா முதலில் கேட்டது, குழு கூடிற்றா என்று. உரிய அறிவிப்போடு குழு கூடத்தான் செய்தது. ஆட்சேபம் இல்லாத நிலையில் எதை விசாரிப்பது என்று விவாதித்து, கோப்பை மூடுவதா, நிலுவையில் வைப்பதா என்பதில் கருத்து வேறுபட்டுக் கலைந்தது. அடுத்த பொங்கலுக்குக் கேடயத்தை அறிவிக்கவேண்டாம் என்று ஞானசேகரனே முன்மொழிந்தார், அக்கா வழிமொழிந்தார்.

பிறகு மூட்டு மருத்துவர் அவருடைய மருந்துகளை மாற்றினார். அழற்சியை அடக்கும் வேறு மருந்தை உயர்த்தி, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார். சில மாதங்களுக்குப் பின் ரத்தத்தைப் பரிசோதித்தோம். அழற்சியின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. நல்ல கொழுப்பும் ஐம்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது. முடிவுத்தாளோடு அக்கா டாக்டர் பாசினின் அறைக்கே வந்துவிட்டார். அவர் கண்ணாடியை ஏற்றி, கையை நீட்டிப் படித்து, மிகவும் நல்லது என்றார்.

"கொறஞ்சிருக்குன்னு சொல்றேன், நல்லதுங்கிறாரே. இவரு யாரு கட்சி?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் பாசின் தீவிரமாக யோசித்துப் பதிலளித்தார். இந்த ஐம்பத்து நான்கும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று தமக்குத் தெரியாது. அதை அறியும் வசதி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அழற்சி அடங்கியிருப்பதால் செய்யக்கூடும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. படியேறும்போது தோள் வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை என்றார் அக்கா. தமக்கு இப்போதைக்கு அந்த விடையே போதுமான எண் என்றார் டாக்டர்.

அவ்வாண்டிலிருந்து, முடக்குவாதமோ அதைப் போன்ற தன்னுடல் தாக்குநோயோ உள்ள எவருக்கும், நல்ல கொழுப்புக்காக இதய ஆபத்துக் கணக்கில் ஒரு புள்ளியைக் கழிப்பதை எங்கள் ஆய்வகம் நிறுத்திவிட்டது. அவர்களுடைய ரத்தத்தில் கொழுப்போடு அழற்சியையும் சேர்த்தே அளந்தோம். மூட்டுப் பிரிவுக்கு வருபவர்களிடம் அங்குள்ள மருத்துவர்கள், படியேறும்போது எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.